ஒயர் கடிக்கிற மனுஷன்

அவர் எலெக்ட்ரீஷியன். பையில் கட்டிங் பிளேயர் இருக்கும். ஆனால் ஒயரின் தோலை உரிப்பது மட்டும் பல்லால்தான். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி இதற்காகவே தொண்டைத் தண்ணீர் வற்றத் திட்டி வந்தாள். அவரும் ஒரு நாளாவது காதில் போட்டுக்கொள்ள வேண்டுமே! அவளிடம் நாலு திட்டு வாங்காவிட்டால் சாப்பாடு செரிக்காத ரகம்.

இப்போது கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய். கதிர் சிகிச்சை தொடங்கும் முன் அந்தப் பக்கத்துச் சொத்தைப் பற்களை எடுத்துவிட வேண்டும், அப்புறம் எடுத்தால் புண் ஆறாது என்று பல் டாக்டர் சொல்லிவிட்டார். நாளைக் காலையில் பிடுங்குகிறார்கள். போகப்போக வாயெல்லாம் புண்ணாகிப் பேசவே சிரமமாகிவிடும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

அதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வேறொன்று. நோய் இன்னதென்று தெரிந்த நாளிலிருந்து மனைவி திட்டுவதை நிறுத்திவிட்டாள். ஈரத்துண்டைக் கட்டிலில் எறிந்தாலும் பேசாமல் எடுத்துக் காயப்போட்டாள். போய்ச் சேர்ந்தவர்கள் கணக்கில் இப்போதே தன்னைச் சேர்த்துவிட்டாளோ என்று அவருக்குத் தோன்றியது.

"பேச முடியாதப்ப அம்மாவை எப்படிக் கூப்பிடுவீங்க? கட்டில் பக்கத்துல ஒரு பெல் மாட்டுங்கப்பா" என்று மகள் போனில் சொல்லியிருந்தாள். அதனால் மத்தியானம் கட்டிலிலிருந்து சமையலறைக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். ஸ்டூலை மனைவி பிடித்துக்கொண்டாள். அவர் வேண்டுமென்றே அவள் முகத்துக்கு நேராக ஒயரை முன்பல்லில் வைத்து, சத்தம் வர உரித்தார்.

"பார்த்துங்க. மெதுவா" என்றாள்.

அவருக்குப் பொறுக்கவில்லை. "என்னடி மெதுவா? பல்லால கடிக்கிறேன், தெரியலையா?"

"தெரியுது."

"அப்பத் திட்டேன்!"

அவள் தலை குனிந்துகொண்டாள். ஸ்டூல் லேசாக ஆடியது. "மாட்டேன். எல்லாம் என் வாயால வந்ததுதான். 'இப்படிக் கடிச்சுக் கடிச்சு ஒரு நாள் வாய் புண்ணாகி நிப்பீங்க'ன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். எனக்குக் கரிநாக்கு."

அவர் கீழே இறங்கி அவள் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தார். இத்தனை நாளும் இதையா இவள் ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டிருந்தாள்? பாவம், என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்துவிட்டேனே என்று இருந்தது அவருக்கு.

"அடி பைத்தியம்! ஏணியிலேருந்து விழுந்து இடுப்பு ஒடியும்னியே, ஒடிஞ்சுதா? கரண்ட் அடிச்சு முடி நட்டுக்கும்னே. நட்டுக்கறதுக்கு இங்க முடியே இல்ல. வீட்டு ஓனர் உருப்படவே மாட்டான்னு சபிச்சே. அவன் மேல ரெண்டு மாடி எழுப்பிட்டான். உன் வாய்க்கு இதுவரைக்கும் என்னதான் பலிச்சிருக்கு?"

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்ல, பலிக்கிற வாய்தான்னு வச்சுக்கிட்டா, நல்லதா ஒண்ணு திட்டேன். நாளைக்கு அங்க போய் வாயைத் திறக்கணும். அதுக்கு முன்னாடி எனக்கு அது வேணும்."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

மிச்ச வேலையை முடித்துவிட்டு, சரியாக அடிக்கிறதா என்று சுவிட்சை அழுத்தினார். பெல் அலறியது. கையில் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"எதுக்கு இப்ப ஊரைக் கூட்டறீங்க? நல்லாக் கேட்டுக்குங்க! பல்லெல்லாம் கொட்டி, முதுகு கூனி, பேத்தி கல்யாணத்துக்கு சீரியல் லைட் கட்டும்போதும் நீங்க ஒயரைக் கடிச்சுக்கிட்டுத்தான் நிப்பீங்க. ஈறாலயே கடிப்பீங்க! நானும் பக்கத்துல நின்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டுத்தான் இருப்பேன். இந்த ஜென்மத்துல எனக்கு விடிவே கிடையாது!"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு மறுபடியும் சுவிட்சை அழுத்தினார்.

"இப்ப என்னவாம்?"

"சரியாக் காதுல விழல. இன்னொரு தடவை சொல்லு."