சாரல் காலத்துத் துணி

ஆனிச் சாரல் தொடங்கிவிட்டால் அந்த ஆஸ்பத்திரியில் எல்லாக் கோளாறுக்கும் ஒரே பதில்தான். லிஃப்ட் நின்றால் சாரல், டாக்டர் பிந்தினால் சாரல். தென்காசியில் குழந்தைகளுக்கென்றே உள்ள ஆஸ்பத்திரி அது. ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, துணியில் கட்டி, நீராவிப் பெட்டியில் வைத்துக் கிருமி நீக்கிக் கொடுப்பது சந்தனமாரியின் வேலை. கொஞ்ச நாளாகவே பெட்டியிலிருந்து கட்டுகள் ஈரமாக வந்துகொண்டிருந்தன. உலர்த்தும் வால்வு போய்விட்டது என்று மேனேஜர் பரமேஸ்வரனிடம் வாய் வலிக்கச் சொல்லியாயிற்று. காதில் ஏறினால்தானே.

"சாரல் காலத்துல துணி எங்கனம்மா காயும்?" என்றார் மனுஷன். என்னமோ கொடியில் காயப்போட்ட துண்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

இன்றும் எல்லாக் கட்டும் ஈரம். மாடியில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று, குடலிறக்க ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றோடு காத்துக்கிடந்தது. மேனேஜரே இறங்கி வந்தார்.

"கட்டுமேல ஒட்டுன டேப்புல கோடு கறுத்திருக்குல்லா. அனுப்பும்மா."

"கோடு கறுத்தா சூடு பட்டிருக்குன்னு மட்டுந்தான் அர்த்தம் சார். ஈரத்துணி வழியா கிருமி உள்ள போயிரும். ட்ரெய்னிங்ல சொல்லும்போது நீங்களும் தலையாட்டிக்கிட்டுத்தான இருந்தீங்க?"

"ஒரு நாள்ல ஒண்ணும் ஆகாது."

ஒன்றும் ஆகாதாம். சொந்தப் பேரப்பிள்ளை என்றால் இந்தப் பேச்சு வருமா? சந்தனமாரிக்கு உச்சந்தலைவரை எரிந்தது. அவர் கட்டுகளை எடுக்கக் கை நீட்டினார். அவள் முந்திக்கொண்டு ஒவ்வொரு கட்டின் டேப்பையும் கிழித்தாள். கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் வெறுங்கையால் அள்ளிக் கழுவுகிற தொட்டியில் போட்டாள். இனி யாரும் மேலே கொண்டுபோக முடியாது.

ஆபரேஷன் தள்ளிப்போனது. குழந்தையின் அம்மா ஜெயபிரியா, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கீழேயே வந்துவிட்டாள்.

"நீதான் கெடுத்தியாமே. பிள்ள பசியில தொண்டத்தண்ணி வத்த அழுதுட்டு கெடக்கு. ஒனக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?"

மேனேஜர் பின்னாலேயே வந்து குழைந்தார். "சாரல் சீசன்லம்மா, துணி லேசா நமத்துப்போச்சு. அதப் போயி இவ பெருசாக்கிட்டா."

சந்தனமாரி பிரித்த துணியை எடுத்து ஜெயபிரியாவின் கையில் வைத்தாள். "இந்தத் துணியில கட்டுன கத்தரியத்தான் ஒன் பிள்ள வயித்துல வைக்கச் சொன்னாரு."

ஜெயபிரியா துணியைக் கசக்கிப் பார்த்தாள். ஜன்னல்கூட இல்லாத அந்த அறையைச் சுற்றிப் பார்த்தாள். இரும்புக் கதவு போட்ட பெட்டியையும் பார்த்தாள்.

"ஏன் சார்," என்று மேனேஜரிடம் கேட்டாள், "இந்தப் பெட்டிக்குள்ள எந்த வழியா சாரல் அடிச்சுது?"