டூப்ளிகேட் நீக்கப்பட்டது

1

இந்தக் கதை ஒரு டிக் அடித்ததில் தொடங்கியது. அடித்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் திருப்பம் வைக்கிறேன் என்று நினைப்பீர்கள்.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘சானமாவுக் காட்டின் மேல் பனி இறங்கியிருந்த அதிகாலையில் கெம்பம்மா…’ கோடு போட்டு அடித்துவிட்டேன். அன்று பனி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. மத்திகிரியில் என் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது: ‘ஒரு புள்ளி இரண்டு எல்லைகளுக்குள் இருக்கலாம்.’ பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. இருக்கட்டும். நடந்தது முழுக்க இந்த வரியில்தான் இருக்கிறது.

2

போன மாதம் வரை ஓசூரில் ஒரு வரைபட ஆபீஸில் வேலை பார்த்தேன். (பெயர் வேண்டாம்.) யானை ஊருக்குள் வந்தாலோ தொழிற்பேட்டையில் வாயு கசிந்தாலோ சுற்றியுள்ள வீடுகளுக்குப் போன் போகும். பதிவு செய்த குரல், முதலில் தமிழ், அப்புறம் கன்னடம். நடத்துவது ஒரு தனியார் சேவை. எந்த வீட்டுக்கு எந்த அழைப்பு என்று பிரித்துக் கொடுப்பது எங்கள் வேலை.

ஒவ்வொரு வீடும் வரைபடத்தில் ஒரு புள்ளி. யானை நடமாடும் பகுதி ஒரு பலகோணம். தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஆபத்துப் பகுதி இன்னொரு பலகோணம். எந்தப் புள்ளி எதற்குள் விழுகிறது என்று கம்ப்யூட்டர் வரிசை போட்டுத் தரும். 4,112 வீடுகள் கொடுத்தேன். 4,149 வரிசைகள் வந்தன.

சூளகிரிப் பக்கம் புதுத் தொழிற்பேட்டையின் பலகோணம் யானைப் பலகோணத்தின் ஒரு ஓரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. அந்த ஓரத்தில் முப்பத்தேழு வீடுகள். இரண்டுக்குள்ளும் விழுந்ததால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிசை. அதாவது இரண்டு அழைப்பும் போக வேண்டிய வீடுகள். கம்ப்யூட்டர் சொன்னது சரி.

(இதெல்லாம் இன்றைக்கு எழுதுவது. அன்று என் மண்டையில் இருந்தது ஒரே வார்த்தை.)

3

எவாஞ்சலின் மேடம் எங்கள் டீம் லீடர். என் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

“என்னப்பா இது, குடுத்ததைவிட ஜாஸ்தியா வருது? வீடு குட்டி போட்டுச்சா?”

“டூப்ளிகேட் மேடம். எடுத்துடறேன்.”

“எடு. போன் போடற கம்பெனிக்காரங்க எண்ணிக்கையத்தான் பாப்பாங்க.”

* டூப்ளிகேட் பற்றி ஒரு அடிக்குறிப்பு. இந்த ஆபீஸுக்கு முன்னால் நாலு வருஷம் பிரேக் பாகம் செய்யும் தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட், இன்ஸ்பெக்‌ஷன். அங்கே டூப்ளிகேட் என்றால் போலி. கையில் பட்டதும் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும், யோசிக்கக் கூடாது. நைட் ஷிஃப்டை விட்டு ஓடி வந்துவிட்டேன். கை மட்டும் இன்னும் அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

‘ஒன்றை மட்டும் வை’ என்று திரையில் ஒரு சின்னப் பெட்டி. டிக் அடித்தேன். எதை வைக்கும்? பட்டியலில் முதலில் இருப்பதை. தொழிற்பேட்டை ஒன்றாம் எண். யானை இரண்டாம் எண்.

4,112. எண்ணிக்கை சரியாக வந்தது. டீ குடிக்கப் போனேன்.

4

கெம்பம்மாவை இதுவரை ‘பாத்திரம்’ என்று எழுதிப் பார்த்தேன். முடியவில்லை. அவர் என் பக்கத்து போர்ஷன் பிரவீனாவின் அம்மா. காட்டோரத்து ஊரில் தனியாக இருக்கிறார். இரண்டு மாடு. தினமும் விடியற்காலை பால் ஊற்ற நடந்து போவார். போன செவ்வாய்க்கிழமை வழியில் யானை தள்ளிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. உயிர் தப்பினார்.

வியாழக்கிழமை பிரவீனாவை பைக்கில் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன்.

“ம்மா, ஊர்ல எல்லாருக்கும் யானைன்னு போன் வந்திருக்கு. உனக்கும் வந்திருக்கு. பாரு, அஞ்சு பத்துக்கு அதே நம்பர். எடுத்து முப்பத்தோரு செகண்ட் கேட்டிருக்க. கேட்டுட்டு பால் கேனைத் தூக்கிட்டுப் போயிருக்க!”

“யானைன்னோ ஆனென்னோ ஒரு வார்த்தை வரலடி. தமிழ்லயும் வரல, கன்னடத்துலயும் வரல. பயப்படாதீங்க, வேலையப் பாருங்கன்னுச்சு. பாக்கப் போனேன்.”

பக்கத்துக் கட்டில் அம்மா சிரித்துவிட்டார். “யானையே போன் பண்ணுச்சோ என்னமோ.”

பிரவீனா சிரிக்கவில்லை. வெளியே வந்து என்னிடம் சொன்னாள்: “மறதி வந்துடுச்சு அண்ணா. இனிமே தனியா விட முடியாது. ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு மாட்டை ஏத்த வண்டி சொல்லிட்டேன். வீட்டைப் பூட்டி மத்திகிரிக்கே கூட்டிட்டு வந்துடறேன்.”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “எனக்குக் காது கேக்குதுடி. நான் சொல்றதுதான் யாருக்கும் கேக்கல.”

5

அந்த ஃபைல் என் லேப்டாப்பில் இருக்கக் கூடாது. இருந்தது. வீட்டுக்கு வந்து திறந்தேன். கெம்பம்மாவின் நம்பரைத் தேடினேன்.

தொழிற்பேட்டை.

யானை என்ற இடத்தில் ஒன்றுமில்லை. நீக்கிய முப்பத்தேழில் அவர் ஊரில் அவர் வீடு மட்டும்தான். மற்றவை எல்லாம் ஊர் ஏரிக்கு அந்தப் பக்கம். குரல் பதிவுகளின் வாசகங்களும் அதே ஃபைலில் இருந்தன. தொழிற்பேட்டைக்கானவற்றில் மூன்றாவது இது:

‘இன்று காலை ஆறு மணிக்குத் தொழிற்பேட்டையில் சங்கு ஒலிக்கும். இது ஒத்திகை மட்டுமே. பயப்பட வேண்டாம். வழக்கம்போல் உங்கள் வேலையைப் பாருங்கள்.’

நான்

நான் அப்போது

(இந்த இடத்தில் ஏழு முறை தொடங்கினேன். ‘தலையில் இடி விழுந்தது’ என்று ஒரு தடவை எழுதினேன். விழவில்லை. பைக் சாவி கையில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் வளையத்தில் எத்தனை கீறல் என்று இப்போதும் சொல்ல முடியும்.)

6

எவாஞ்சலின் மேடத்துக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். “ஐயோ, ஆண்டவரே” என்றார். ஒரு மணி நேரத்தில் அவரே திரும்ப அழைத்தார்.

“முப்பத்தேழையும் சேத்தாச்சு. இனி ரெண்டு போன் காலும் போகும். நீ இதை யார்கிட்டயும் பேசாத.”

“அந்தம்மாவுக்கு மறதின்னு சொல்றாங்க மேடம்.”

“வயசானவங்கதானே? பொண்ணு வீட்ல நல்லாத்தான் இருப்பாங்க. ஃபைல்ல உன் பேருதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ.”

அவரைக் கெட்டவராக எழுதலாம். எழுத மாட்டேன். டிக் அடித்தது அவர் இல்லை.

7

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

ஒன்று: சொல்கிறேன். பிரவீனா அறைகிறாள். வண்டி வராது.

இரண்டு: சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாடுகள் ஏறுகின்றன. கெம்பம்மா மத்திகிரிக்கு வருகிறார். தினமும் எனக்குக் குட்மார்னிங் சொல்கிறார்.

இரண்டும் இந்தக் கதைக்குள் விழுகின்றன. ஒன்றை மட்டும் வை என்றால் என் கை எதை வைக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் இருப்பதை வைக்கும், யோசிக்காது. அதனால் இம்முறை நான் வைக்கப்போவதில்லை.

இன்று சனிக்கிழமை. நேற்று பிரவீனா கேட்டாள்: “என்னண்ணா, ரெண்டு நாளா உக்காந்து எழுதறீங்க?” கதை என்றேன். “நான் இருக்கேனா?” என்று சிரித்தாள்.

இருக்கிறாய். தொடக்கத்தில் ‘நினைப்பீர்கள்’ என்று எழுதியது உன்னைத்தான். பெயர் எதையும் மாற்றவில்லை, துணிச்சலால் அல்ல. மாற்றினால் உனக்கு மட்டும் இது கதையாகிவிடும். இந்தத் தாள்களை உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு என் வீட்டில்தான் இருப்பேன். எங்கும் ஓடவில்லை. ஃபைலும் இருக்கிறது. யாரிடம் காட்டச் சொன்னாலும் வருகிறேன்.

முடிவை நான் எழுதவில்லை. ஒரு வேலை மட்டும் செய். ஐந்தாம் பகுதியில் இருக்கும் அந்த அழைப்பை, உனக்குக் கன்னடம் வரும் என்பதால் அதிலும் சேர்த்து, உன் அம்மாவிடம் மெதுவாகப் படித்துக் காட்டு.

முப்பத்தோரு செகண்ட் ஆகும்.