கவட்டில் கட்டி, காலில் சிரட்டை

1

இந்தக் கதை கிளினிக் சுவரில் பிறந்தது. இரத்த அழுத்த மாத்திரைக்குக் காத்திருந்தபோது எதிரே இணைப்புத் திசுக்களின் படம். எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு, இரத்தம் எல்லாம் ஒரே குடும்பமாம். (இரத்தமுமா? எங்கள் கல்யாணப் படத்திலும் யாரென்றே தெரியாத ஒருவர் நிற்கிறார்.) இதைக் கதையாக்கப் போகிறேன் என்றதும் சிரித்த மனைவி இன்னும் நிறுத்தவில்லை.

'யசோதரனின் எலும்பு மஜ்ஜையில் பிறந்த வெள்ளையணு ஒன்று...'

வேண்டாம். நானே படிக்க மாட்டேன்.

2

யசோதரன் ஜுரு என்ற ஊரில் கார் விற்கிறவன். தைப்பூசத்தன்று ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைக்கக் கிளம்பினான். சிலிப்பர் போடச் சொன்னாள் மனைவி தர்மினி. நேர்த்திக்கடன் வெறுங்காலோடுதான் என்றான். உடைந்த சிரட்டைகளுக்கு நடுவே உள்ளங்காலில் சுருக்கென்றது. வீட்டில் சொன்னால் 'நான் சொன்னேன்ல' கேட்க வேண்டும். திருநீற்றை அப்பி, காலுறைக்குள் மறைத்தான்.

சில நாளில் கவட்டில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. அவன் அப்பாவுக்குக் கழுத்தில் இப்படித்தான் தொடங்கியது. அடுத்த தைப்பூசத்துக்கு அவர் இல்லை. யசோதரனுக்குக் கால் மறந்தே போனது.

(காலையும் கவட்டையும் ஒருவன் சேர்த்துப் பார்க்க மாட்டானா? இங்கே இவனை நம்பாமல் பேனாவை வைத்துவிட்டேன். பிறகு யோசித்தால், நானும் பார்த்திருக்க மாட்டேன்.)

3

டாக்டர் லைலா கட்டியை அழுத்திப் பார்த்துவிட்டுக் காலுறையைக் கழற்றச் சொன்னார்.

"கட்டிக்குத்தான் வந்தேன் டாக்டர், காலுக்கு இல்ல."

"கழட்டுங்க லா, அண்ணே."

சீழோடு ஒரு சிரட்டைச் சில்லு வெளியே வந்தது. தோலுக்கடியில் பஞ்சு போலத் தளர்ந்த திசு இருக்கிறது, அங்கேயுள்ள காவல் அணுக்கள்தான் முதலில் கூச்சல் போடும், துணைக்கு இரத்தத்தில் ஆள் வரும் என்று விளக்கினார். தப்பிய கிருமி நிணநீரோடு மேலேறிக் கவட்டிலுள்ள கணு என்ற வடிகட்டிக்குப் போகுமாம். அதற்குள்ளே திசுவே வலையாகப் பின்னியிருக்குமாம்.

"வலையில கிருமி மாட்டுது, வெள்ளையணு பெருகுது, வீங்குது. உங்க உடம்பு அது வேலய ஒழுங்கா செஞ்சிருக்கு. நீங்கதான் செய்யல."

"அப்ப இது... அப்பாவுக்கு வந்தது இல்லையா?"

"அப்படித் தெரியல. மருந்த முடிங்க, வத்திடும். வத்தலன்னா வாங்க, பாப்போம்."

யசோதரன் டாக்டருக்குக் கார் ஏதும் வேண்டுமா என்று கேட்டான்.

4

முடிவுக்கு வந்தபோதுதான் ஓர் ஓட்டை தெரிந்தது. காலுறையில் மறைத்தான், சரி; அந்த வீட்டில் காலுறையைத் துவைப்பது யார்? (ஆகவே இதை இப்போது சேர்க்கிறேன்: காலையில் கிளினிக்குக்குக் கிளம்பியவனிடம் தர்மினி கறை போகத் தேய்த்த காலுறையை எடுத்து நீட்டினாள்.) கட்டிதான் அவளுக்குப் புதுச் செய்தி.

சுங்கை பினாங் அடுக்குமாடியில், கட்டுப் போட்ட காலோடு வாசலில் நிற்கிறான். கதவருகே அவன் அளவில் புதுச் சிலிப்பர். எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறான். தர்மினி வாயைத் திறக்கிறாள்.

அவள் பேசியதை நான் எழுதப் போவதில்லை. உங்கள் வீட்டில் என்ன விழுமோ, அதையே போட்டுக்கொள்ளுங்கள். எதுவானாலும் இன்றைக்கு அவன் காதுக்கு இனிக்கும். அடுத்த தைப்பூசத்துக்கும் அதைக் கேட்க அவன் இருப்பான்.