கிழக்கே நடந்த கழற்சி வேலி

கவரைப்பேட்டைக்கு மேற்கே கிரேஸ் நட்டு வளர்த்த கழற்சி வேலி, மூன்றாம் வருஷ ஐப்பசி மழையில் பத்தடி கிழக்கே நடந்துபோய் நின்றது. வேரோடுதான் போயிருந்தது, பழைய இடத்தில் குழிகூட இல்லை.

விதைகளை அவள் சபையாரோடு பழவேற்காட்டுக்குப் போனபோது கடற்கரை மணலில் பொறுக்கினாள். முருங்கைக் கன்றை ஆடுகள் தின்றுவிடுவதால் முள்வேலி வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு எண்ணம் இல்லை. சாம்பல் நிறக் கழற்சி விதை லேசில் முளைக்காது. கம்பெனி ஷிப்டு முடிந்து வந்த கணவன் இம்மானுவேல் ஒவ்வொன்றையும் சூடேறும்வரை கருங்கல்லில் தேய்த்துக் கொடுத்தான். அவள் வெந்நீரில் ஊறவைத்து ஊன்றினாள். முளைக்கத் தாமதித்ததே தவிர, முளைத்தபின் அது நிற்கவில்லை. கொக்கி முள்ளும் மஞ்சள் பூவும் முள்மூடிய காயுமாக ஆளுயரம் அடர்ந்தது. மேற்கே வீடு, மற்ற மூன்று பக்கமும் முள். தோட்டத்துக்குப் போக வீட்டின் வழியாகத்தான் போகவேண்டும்.

கிழக்கு வேலி நடக்க, இரு பக்க வேலியும் இடைவெளி விடாமல் நீண்டுகொண்டதில் பக்கத்து நிலக்காரர் தணிகாசலத்தின் வயலோரம் உள்ளே அகப்பட்டது. பயிர் சாயவில்லை என்பதால் அவர் பொறுத்துக்கொண்டார். அடுத்த மழையில் மீதி வயலும் மோட்டார் கொட்டகையும் உள்ளே போயின. அரிவாளோடு வந்து வெட்டினார். வெட்டிய கிளை கீழே விழாமல் மறுபடி ஒட்டிக்கொண்டது. மோட்டார் போட வழியில்லாமல், கதிர் பிடிக்கும் நேரத்தில் நிலம் வெடித்தது. இம்மானுவேலின் அம்மா காலமெல்லாம் அந்த வயலில் நாற்று நட்டவள். தணிகாசலத்தின் வீட்டுப் பின்கட்டைத் தாண்டி அவள் உள்ளே போனதில்லை. அவரும் இவர்கள் வாசலை மிதித்ததில்லை.

"ஊரோட பேஜாரு வேணாம்மே, கொளுத்திடலாம்" என்றான் இம்மானுவேல்.

"நட்டது நானு, நவுந்தது அது. இதுல கொளுத்தறதுக்கு இன்னா கீது? வந்து கேட்டா உள்ள உடப்போறேன்" என்றாள் கிரேஸ்.

பயிர் நுனி காய்ந்து மஞ்சளான அன்று காலையில் தணிகாசலம் வாசலில் வந்து நின்றார். 

"மோட்டாரு போடணும். உள்ள வரலாமா, கிரேஸு?"

"வாங்கய்யா. செருப்பு காலோடவே வாங்க, பின்னால முள்ளு கீது."

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்தைக் கடந்தார். தண்ணீர் பாய்ந்தது. மறுநாள் காலையும் மாலையும் வந்தார். மூன்றாம் நாள், கேட்காமலே கிரேஸ் வைத்த டீயைக் குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்றார். அறுப்பு மெஷின் உள்ளே நுழைய வழியில்லாததால் ஆள்வைத்து அறுத்தார்கள். கட்டுகளெல்லாம் கிரேஸ் வீட்டுக் கூடத்தின் வழியாகத்தான் தெருவுக்குப் போயின. கொட்டிய நெல்லைக் கோழிகள் ஒரு வாரம் தின்றன.

இப்போது வேலி ரயில் பாதை ஓரம் நிற்கிறது. இந்த ஐப்பசியில் அது பாதையைத் தாண்டும் என்று, அந்தப் பக்கத்து ஈஸ்வரி தன் வைக்கோல் போரைத் தள்ளிப் போட்டு வழிவிட்டிருக்கிறாள்.