குழியைக் காட்டிய நாள்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுக்க யாரோ சொல்லிக் கேட்டதல்ல. நான் அங்கே இருந்தேன். ஒரு வயலில் முப்பது பேர் நின்றிருந்தோம். நடுவில் ஒரு மேசை, மேசைமேல் இரண்டு கண்ணாடி ஜாடிகள். ஜாடிகளில் நடந்ததைப் பார்த்து ஒருவர் முதலில் சிரித்தார். அவர் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு ஒரு பெண்ணின் வயல் போயிற்று.

முதலில் சிரித்தவர் யார் என்பது பிறகு வரும். [வராமலே விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.]

ஆரம்பத்தை நான்கு முறை எழுதினேன்.

"மண் நமக்கெல்லாம் தாய்…" அடித்துவிட்டேன். தாய் என்று சொல்லிக்கொண்டேதான் அதைப் பட்டினி போட்டோம்.

"ஒரு பிடி மண்ணில் எத்தனை கோடி உயிர்கள் என்று…" இதுவும் வேண்டாம். கோடி என்றதும் நீங்கள் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவீர்கள்.

"அன்று காலை வானம்…" வானத்துக்கும் நடந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நான்காவது பரவாயில்லை. அதிலிருந்தே போகலாம், வாருங்கள்.

2

அவளைக் குப்பைக்காரி என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தது அவளுடைய சொந்த அண்ணன்.

நிலமெல்லாம் அண்ணன் பெயரில் இருந்தது. அதில் ஓரமாக ஒரு மேட்டு வயல். போட்ட விதைகூடத் திரும்பவில்லை என்று அண்ணன் கைவிட்டது. லாரி ஓட்டும் கணவன் மாதத்தில் இருபது நாள் வெளியே. அவள் சும்மா உட்காரத் தெரியாதவள். "அது தரிசாத்தானே கிடக்குது, நீ பண்ணிக்கோ" என்றான் அண்ணன். காகிதம் எதுவும் எழுதவில்லை. அண்ணன் தங்கைக்குள் என்ன காகிதம்?

முதல் வருஷம் உழ வந்த டிராக்டர்காரர் பாதியில் இறங்கிக் கலப்பையைப் பார்த்தார். கொழு முனை மடங்கியிருந்தது.

"ஏம்மா, வயலை உழச் சொன்னியா, ரோட்டை உழச் சொன்னியா?"

அன்றோடு உழுவதை நிறுத்தினாள். பக்கத்து வயல்களில் அறுவடை முடிந்து தட்டையைக் கொளுத்தப் போகிறவர்களிடம் ஓடுவாள். "கொளுத்தாதீங்க, எனக்குக் குடுங்க." இலை, வைக்கோல், சோளத்தட்டை, கிடைத்ததையெல்லாம் தலையில் சுமந்து வந்து மண்ணுக்குப் போர்வை மாதிரி பரப்பினாள். பயிர் இல்லாத மாதங்களில் கம்பு, அவரை, எள், கடுகு என்று கலந்து விதைத்தாள். அறுக்க அல்ல, வளர்ந்ததும் அங்கேயே மடக்கிப் போட. மண் ஒருநாளும் வெயிலில் வெறும் உடம்போடு கிடக்கக் கூடாது என்பது அவள் கணக்கு. நான்கு மாடுகளைக் கயிற்று வேலிக்குள் விட்டு, தினமும் கயிற்றை நகர்த்தினாள். மேய்ந்த இடத்துக்கு மாடு திரும்பிவர நாற்பது நாளாகும்.

"என் நாத்தனார் மாடு தினம் ஒரு வீடு மாறுது," என்று அண்ணி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். "எனக்கு இருபது வருஷமா அதே சமையல்கட்டு."

மூன்றாம் வருஷம் போர்வையை விலக்கிப் பார்த்தபோது ஒரு மண்புழு இருந்தது. ஒன்றே ஒன்று. உள்ளே வைத்து மறுபடியும் மூடிவிட்டாள். ஐந்தாம் வருஷத்துப் பெருமழையில் எல்லா வயல் தண்ணீரும் செம்மண் குழம்பாக வாய்க்காலில் ஓடியது. அவள் வயல் மட்டும் குடித்துவிட்டு இன்னும் கேட்டது. ஏழாம் வருஷம் வேளாண்மை அலுவலர் வந்து, "பத்துப் பேரைக் கூட்டிட்டு வரட்டுமாம்மா?" என்றார்.

முப்பது பேர் வந்தோம்.

3

அண்ணனுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தாள். முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி வைத்திருந்தாள். ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தோம். மண் மேலே கருப்பாகவும் கீழே போகப் போகப் பழுப்பாகவும் இருந்தது. வேர்கள் குழியின் அடிவரை இறங்கியிருந்தன. "குனிஞ்சு மோந்து பாருங்க," என்றாள். மோந்து பார்த்தோம். முதல் மழை வாசனை, மழை இல்லாமலே.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அவள் செய்த தவறு இதுதான். கூட்டம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு வரப்பைத் தாண்டி அண்ணன் வயலில் ஒரு மண்கட்டி எடுத்தாள். கேட்கவில்லை. ஒரு கட்டி மண்ணுக்கா கேட்பார்கள்? தன் வயலில் ஒன்று எடுத்தாள். இரண்டையும் நிழலில் காயவைத்தாள். கூட்டத்தன்று எங்கள் எல்லோர் முன்பும், தண்ணீர் நிறைந்த ஜாடிகளின் வாயில் கம்பிவலையை மாட்டி, இரண்டு கட்டிகளையும் ஒரே நேரத்தில் இறக்கினாள்.

"இது நம்ம வயலுது. இது பக்கத்து வயலுது."

பக்கத்துக் கட்டி குமிழிவிட்டது. ஓரம் உதிர்ந்தது. பத்து எண்ணுவதற்குள் ஜாடி கலங்கித் தேநீராகிவிட்டது. அவளுடைய கட்டி வலையில் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. உயிருள்ள மண்ணில் வேரும் புழுவும் சேர்ந்து ஒரு பசையைப் பூசியிருக்கும், அதனால் கரையாது என்று அலுவலர் விளக்கினார். யாருக்கும் காதில் விழவில்லை.

"பக்கத்து வயல் யாருது?" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

தெரிந்தவர்கள் முன்வரிசை நாற்காலியைப் பார்த்தார்கள். அப்போதுதான் அந்தச் சிரிப்பு.

[முதல் படியில் "யாரோ சிரித்தார்கள்" என்று எழுதினேன். இரண்டாம் படியில் "பச்சைக் குடை வைத்திருந்த ஒரு கிழவி சிரித்தாள்" என்று எழுதினேன். அந்தப் பச்சைக் குடை என்னுடையது, கண்ணுகளா. சிரித்ததோடு நிற்கவில்லை. "அவரு விதைக்கவே வேணாம், டம்ளர்ல ஊத்திக் குடிச்சிடலாம்!" என்று சத்தமாகச் சொன்னவளும் நான்தான். நாற்காலியில் இருந்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். நன்றாக வாய்த்த வேடிக்கை அது. சொல்லியிருப்பேன்.]

முப்பது பேரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். எல்லோரும் ஓய்ந்த பிறகும் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். போகும்போது தங்கையிடம், "ஜாடி ஒண்ணு எடுத்துக்கறேன். உங்க அண்ணி எதுக்காவது வெச்சுக்குவா" என்றான். கலங்கலைக் கீழே கொட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனான்.

4

அண்ணனை எழுத எனக்கு வரவில்லை. பேராசைக்காரனாக எழுதிப் பார்த்தேன்: விளைந்த மண்ணைப் பார்த்து நாக்கில் எச்சில் ஊறுகிறவன். சுலபமாக இருந்தது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. முப்பது வருஷம் உழுதவன், தன் உழைப்பு பத்து எண்ணுவதற்குள் கரைந்ததைப் பார்த்தான். அதற்குமேல் அவனுக்குள் என்ன நடந்தது என்று…

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு யோக்கியதை இல்லை.]

பதினோரு நாள் கழித்து அவள் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"அடுத்த போகத்துலேர்ந்து மேட்டு வயலை நானே பாத்துக்கறேன்."

"ஏன் அண்ணே?"

"என் வயல்தானே?"

"உன் வயல்தான். இல்லேன்னு சொன்னேனா?"

"நீ வாயால சொல்லலை. மேசை போட்டுக் காட்டினே."

"கேக்காம எடுத்தது தப்புதான். வேணும்னா எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"எல்லார் முன்னாடியும் நீ பண்ணினது போதும்."

 பிறகு அவள் பேசியது வயலுக்காக அல்ல, மண்ணுக்காக.

"சரி, எடுத்துக்கோ. உழாம மட்டும் இரு. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். ஏழு வருஷம் அண்ணே அது."

"உழாத வயலுக்குப் பேரு வயலா? நான் விவசாயி. குப்பைக்காரன் இல்லை."

5

அதே டிராக்டர்காரர்தான் வந்தார். அவள் வரப்பில் நின்றாள். போகாமல் இருந்திருக்கலாம். [இருந்திருக்க முடியாது.]

கலப்பை இறங்கியது. டிராக்டர்காரருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. விஷயம் தெரியாமல்தான் கத்தினார்:

"ஏம்மா! அன்னிக்கு ரோடா இருந்துச்சே! இப்பப் பாரு, என்னமா இறங்குது!"

எங்கிருந்தோ கொக்குகள் வந்தன. முதலில் இரண்டு, பிறகு இருபது, பிறகு எண்ண முடியவில்லை. டிராக்டருக்குப் பின்னால் பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக நின்று புழுக்களைத் தின்றன. அந்த வட்டாரத்தில் வேறெந்த வயலிலும் அன்று கொக்கு இல்லை. புழு இருந்த வயல் அது ஒன்றுதான்.

மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

6

முடிவுகளைப் பற்றி.

பயிர் கருகிப்போய், அண்ணன் வயலில் மண்டியிட்டு அழுகிற மாதிரி ஒன்று எழுதினேன். எழுதும்போது இனித்தது. பிறகு போய் விசாரித்தேன். அப்படி நடக்கவே இல்லை. உழுத முதல் போகம் அமோகமாக விளைந்தது.*

[* மண் ஏழு வருஷம் சேர்த்து வைத்ததை உழவு ஒரே போகத்தில் பயிர் வாயில் கொட்டிவிடும். பெட்டியை உடைத்தவன் கையில்தான் எல்லாம் இருக்கும், கொஞ்ச நாளைக்கு.]

"பாத்தியா, உழுதா எப்படி விளையுது!" என்று ஊர் சொன்னது. அவள் காதுபடவே சொன்னது. "ஏழு வருஷம் குப்பையைக் கட்டி அழுதியே, முதல்லயே உங்க அண்ணன் பேச்சைக் கேட்டிருக்கலாம்ல?" ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை.  அவள் மாடுகளை விற்றாள். ஒரு நாற்றுப் பண்ணையில், லாரியில் வந்து இறங்கும் மண்ணைப் பிளாஸ்டிக் பைகளில் நிரப்பும் வேலைக்குப் போனாள்.

இன்னொரு முடிவில் அவள் புதிதாக ஒரு வயல் வாங்குகிறாள். அதையும் கிழித்துவிட்டேன். யார் கொடுப்பார்கள்?

7

மூன்றாவது போகத்தின்போது நான் அந்தப் பண்ணைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். பச்சைக் குடையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன் என்றால் எவ்வளவு தைரியத்தோடு போனேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பை நிரப்பினேன். நான்கு நாள் போனேன். மேலே நீங்கள் படித்ததில் பாதி அங்கே அவள் சொன்னது.

நான்காம் நாள் மத்தியானம் அவள் போன் அடித்தது. கையெல்லாம் மண். ஸ்பீக்கரில் போட்டுச் செங்கல்மேல் வைத்தாள். அண்ணி.

"அவருக்குத் தெரியாமப் பேசறேன்."

"சொல்லுங்க அண்ணி."

"மேட்டு வயல்ல விதைச்சது வெளியே வர மாட்டேங்குது. மழைக்கப்புறம் மேல ஓடு மாதிரி இறுகிப்போச்சு. முளை உள்ளேயே முறுக்கிக்கிட்டுக் கிடக்கு."

 அவள் கை பையை நிரப்பிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. அன்னிக்கு எடுத்துட்டு வந்தாரே ஜாடி, அதை நான் ஒண்ணுக்கும் வெச்சுக்கலை. அவருதான் ஜன்னல்ல வெச்சிருக்காரு. ஒவ்வொரு மழைக்கப்புறமும் மேட்டு வயல்லேர்ந்து ஒரு கட்டி எடுத்துட்டு வந்து காயவெச்சுத் தண்ணியில போடறாரு. போன வருஷமெல்லாம் நின்னுச்சு. இன்னிக்குக் காலைல போட்டாரு."

"நின்னுச்சா?"

"கதவைச் சாத்திட்டுப் படுத்துட்டாரு. சாப்பிடலை."

அவள் கை நின்றது.

"எவ்வளவு நேரம் தாங்குச்சு அண்ணி?"

"வாய்விட்டு எண்ணிட்டிருந்தாரு. நாப்பது வரைக்கும் எண்ணினாரு."

நாற்பது. அன்று மேசைமேல் அவனுடைய கட்டி பத்துக்கூடத் தாங்கவில்லை. நாற்பது என்றால் இன்னும் உயிர் இருக்கிறது. அது எனக்கே புரிந்தது, அவளுக்குப் புரியாமலா?

"என்ன பண்ணணும்னு சொல்லு," என்றாள் அண்ணி. "நானா கண்டுபிடிச்சதா சொல்லிக்கறேன். நீ பயப்படாதே, உன் பேரே வராது."

அண்ணி அதை அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். இந்த வாரமே மேலே ஓடாக இறுகிய மண்ணை மெல்லக் கீறிவிட வேண்டும். வைக்கோல் போர்த்த வேண்டும். கலப்பு விதை தூவ வேண்டும். அந்த விதை ஒரு மூட்டை அவள் வீட்டுப் பரணில் இருக்கிறது. இந்த மழையின் ஈரம் போய்விட்டால் அது முளைக்காது. சொன்னால் மண் பிழைக்கும், அண்ணன் பெயரில். அடுத்த கூட்டத்தில் மேசைக்குப் பின்னால் அவன் நிற்பான், கரையாத கட்டியோடு. சொல்லாவிட்டால் இன்னொரு போகத்தில் அது மறுபடியும் ரோடாகும். அவனுக்குப் புத்தி வரும். அந்தப் புத்தியை வைத்துக்கொண்டு செய்வதற்கு மண் இருக்காது.

"இருக்கியா?" என்றது செங்கல்மேலிருந்த போன்.

அவள் போனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். யாரென்றே தெரியாத என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"நீங்களா இருந்தா சொல்லுவீங்களாம்மா?"

இந்த அண்ணன் தங்கைக்கு நடுவே ஒருமுறை நான் வாயைத் திறந்தேன். இன்னொரு முறை திறக்கமாட்டேன். அவள் கேட்டதை அப்படியே உங்கள் கையில் தருகிறேன். யோசியுங்கள், ஆனால் நெடுநேரம் யோசிக்காதீர்கள். அண்ணி இன்னும் போனை வைக்கவில்லை. மழை நின்று இரண்டு நாளாகிறது. ஈரம் காய்ந்துகொண்டிருக்கிறது.