விடுதலை அல்ல, விடுவிப்பு

"செவ்வாய், மார்ச் 11. இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். ஒரே ஒரு சொல். சின்னது என்று எழுதலாமா என்றுதான் தெரியவில்லை."

மாலை வகுப்புக்கு ஆசிரியர் வருவதற்குள் அவளால் நாட்குறிப்பில் எழுத முடிந்தது இவ்வளவுதான். பகலில் குற்றவியல் நீதிமன்றத்தில் தட்டச்சு. மாலையில் சட்டப் படிப்பு.

காலையில் ஒருவருக்கு ஜாமீன் கிடைத்தது. அவருடைய அக்கா தட்டச்சு அறை ஜன்னலில் நின்று, "தம்பிக்கு விடுதலை எப்பம்மா?" என்று நாலு தடவை கேட்டுவிட்டார். காதில் விழுந்தது விரலில் இறங்கிவிட்டது. 'ஜாமீனில் விடுவிக்கவும்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'விடுதலை செய்யவும்' என்று அடித்தாள். நீதிபதியும் அவசரத்தில் கையெழுத்திட்டுவிட்டார்.

ஐந்து மணிக்குச் சிறை அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது.

"ஏம்மா, விடுதலைன்னா தீர்ப்பு நகல் எங்க?"

"தீர்ப்பு இல்ல சார், ஜாமீன்தான்."

"அப்ப அப்படிப் போட்டு அனுப்புங்க. இதை வெச்சு ஆளை விட்டா, அடுத்த வாய்தாவுக்கு யாரை எங்க போய்த் தேடுறது?"

அதே ஆள், அதே கதவு. ஒரு சொல் மாறினால் கதவு திறக்காதா? போலீஸ், நீதிமன்றம், சிறை, மூன்றும் தாள் சொல்வதை மட்டுமே நம்புகின்றன என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

தலைமை எழுத்தர் சிரித்தார். "மூணு வருஷம் நடக்கிற கேஸை மூணு நிமிஷத்துல முடிச்சுட்டியே!"

"கிண்டல் பண்ணாதீங்க சார். இப்பவே திருத்திக் கையெழுத்து வாங்கிடலாமா?"

"ஐயா கிளம்பியாச்சு. நாளைக்குத்தான். அந்த அம்மாகிட்ட, சிறையில உத்தரவைத் திருப்பிட்டாங்கன்னு சொல்லிடு. பொய் இல்லையே."

பொய் இல்லைதான். ஆனாலும் படிக்கட்டில் தம்பியின் இஸ்திரி போட்ட சட்டையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவரிடம் அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"அக்கா, தம்பி இன்னைக்கு வர மாட்டாரு. நான் ஒரு வார்த்தையைத் தப்பா அடிச்சுட்டேன்."

"ஒரு வார்த்தைக்கு ஒரு ராத்திரியா? அப்படி என்னத்தைம்மா அடிச்சே?"

"விடுதலைன்னு."

"அதுதானே கிடைச்சிருக்கு?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்லக்கா, ஜாமீன். வெளிய வரலாம், கேஸ் நடக்கும். கூப்பிடுற தேதிக்கெல்லாம் வந்து நிக்கணும். வரலைன்னா மறுபடி பிடிச்சு உள்ள போட்டுருவாங்க."

"ஐயையோ! தெரு பூரா கேஸ் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேனே. அவனும் வந்ததும் வெளியூர் வேலைக்குக் கிளம்புறேன்னு துள்ளிட்டு இருக்கான்."

அக்கா கலையாத சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"நாளைக்கு நானும் சிறை வாசலுக்கு வர்றேன். அவன்கிட்ட இதை நீயே சொல்லிடும்மா. நான் சொன்னா கேக்க மாட்டான். திரும்பவும் மாத்தி மட்டும் அடிச்சுடாதே."

வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். அவள் அவசரமாக எழுதினாள்:

"நாளை: பத்து மணிக்குள் உத்தரவைத் திருத்தி அடிக்க வேண்டும். இரண்டு முறை வாசித்துவிட்டுக் கையெழுத்துக்கு வைக்க வேண்டும். சிறைக்கு நானே கொண்டுபோக வேண்டும். அடுத்த வாய்தா தேதியைத் தம்பியிடம் சொல்லி, அவரையே எழுதிக்கொள்ளச் செய்ய வேண்டும்."