குழாய்க் கும்மி

பேயாண்டி மாட்டிய குழாய் கசியாது. இதை ஊரார் சொல்வதற்கு முன்னால் அவனே சொல்லிவிடுவான். டீக்கடையில் சொல்லுவான், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனிடம் சொல்லுவான், கல்யாண வீட்டுப் பந்தியில் இலையைப் பார்த்துக்கொண்டே சொல்லுவான். அன்னக்கொடிக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது. கட்டின பொண்டாட்டி, கேட்காமல் எங்கே போவாள்?

புருஷன் வேலைக்காரன் என்பதில் அவளுக்கும் பெருமைதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அந்தக் கசியாத வித்தையின் ரகசியம் தெரிந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

செல்லூருக்குள் அப்போது குடிதண்ணீர்க் குழாய் பதித்துக்கொண்டிருந்தார்கள். எருமை கனம் கனக்கும் இரும்புக் குழாய். அதைச் சங்கிலியில் கட்டி, மூணு கம்பத்தை முக்காலியாக நட்டுக் கப்பியில் தொங்கவிட்டு, பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். ஏற்கெனவே கிடக்கிற குழாயின் அகன்ற வாய்க்குள் புதுக்குழாயின் வால் போய் உட்கார வேண்டும். சங்கிலியைப் பிடிப்பவர் மேஸ்திரி உக்கிரபாண்டி, அன்னக்கொடியின் கூடப்பிறந்த அண்ணன். பின்பக்கம் கடப்பாரை போட்டு நெம்பித் தள்ளுகிறவர்கள் காளையும் சோலையும். வாய்ப்பக்கம் குத்தவைத்து, வாலை வாய்க்கு நேராகக் கொண்டுவந்து விடுகிறவன் பேயாண்டி. அன்னக்கொடி மேலே நின்று மண் அள்ளுவாள்.

பேயாண்டி சும்மா விடுகிற ஆளா? வால் வாய்க்குள் நுழையப்போகிற அந்தக் கடைசி நேரத்தில், விரலை உள்ளே விட்டு வாயைச் சுற்றி ஒரு தடவு தடவுவான். ஒரு பொட்டு மண் இருந்தாலும் வழித்து எறிவான். அதுதான் கசியாத வித்தை. அந்த வித்தைக்குக் கட்டணமாக ஆள்காட்டி விரல் நகம் ஏற்கெனவே போயிருந்தது. கேட்டால், "நகம்தானே புள்ள, முளைக்கும்" என்பான்.

"விரலு முளைக்குமாய்யா?" என்று கேட்டாள் அன்னக்கொடி.

"அம்புட்டு தூரம் போக விட்டுருவனா?" என்று மீசையைத் தடவினான். மனுசனுக்கு எதையாவது தடவிக்கொண்டே இருக்க வேண்டும்.

தல்லாகுளத்திலிருந்து ஸ்கூட்டரில் வரும் ஓவர்சியர் விஸ்வேஸ்வரன் நல்ல மனுஷர். எல்லாருக்கும் தோல் கிளவுஸ் கொண்டுவந்து கொடுத்தார். பேயாண்டி ஒரே ஒரு முறை மாட்டிப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கிட்டுத் தடவினா மண்ணு இருக்கா இல்லையான்னே தெரியலையே சார்" என்று கழற்றி வைத்தான். அன்று சாயந்திரமே அது வீட்டில் குழம்புச்சட்டி இறக்கப் போய்விட்டது.

விஸ்வேஸ்வரன் அதைக் கேள்விப்பட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அட, கிளவுஸ் சிராய்ப்புக்குத்தான்யா ஆகும். குழாய் நசுக்கினா கிளவுஸையும் சேர்த்துத்தான் நசுக்கும். உன் கை வெளியில வந்தாச்சுன்னு தள்ளுறவனுக்குத் தெரியணும். அதுக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லேன்னா வாய்ப்பக்கம் உன்னை நான் நிறுத்த மாட்டேன்."

வழி பண்ணுவது லேசா? காளையும் சோலையும் நிற்கும் இடத்திலிருந்து வாய் தெரியாது. உக்கிரபாண்டிக்கோ முக்காலியும் சங்கிலியும் மறைக்கும். கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால், சந்து முழுக்க விசைத்தறி. வீட்டுக்கு வீடு டடக் டடக் என்று ஓடுகிற ஓட்டத்தில் "எடுத்தாச்சு" என்கிறானா "எடுக்கல" என்கிறானா என்றுகூடத் தெரியாது.

அன்னக்கொடிதான் சொன்னாள். "அண்ணே, கும்மி கொட்டச் சொல்லு. தறிச் சத்தத்துக்கு மேல கைத்தட்டு கேக்கும். தட்டணும்னா ரெண்டு கையும் வெளிய வந்துதான ஆகணும்? நான் பாடுறேன், பாட்டு முடிய இவுக மூணு தட்டு தட்டட்டும். தட்டுக் கேட்டாத்தான் நெம்பணும்."

பேயாண்டிக்கு முகம் சுண்டிப்போனது. "அடியே! மீசை வச்ச ஆம்பள நடுத்தெருவுல கும்மி அடிக்கவா? எங்க ஊருல தெரிஞ்சா பொண்ணு மாதிரி பூ வச்சு விட்டுருவாய்ங்க!"

"வச்சா வச்சுட்டுப் போறாய்ங்க மாப்ள" என்றார் உக்கிரபாண்டி. "ஒன் விரலை என் கையால நசுக்கிப்புட்டு, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எந் தங்கச்சியப் பாக்குறது? கும்மிதான். முடிஞ்சு போச்சு."

அப்புறம் என்ன, கும்மிதான். குழாய் வாலை நேராக்கியதும் அன்னக்கொடி மண்மேட்டில் நின்று எடுத்துவிடுவாள்:

"வாயைத் தொடச்ச ராசாவே
வக்கணை பேசுற ராசாவே
கையை எடுத்துக் காட்டிப்புட்டுக்
கும்மி கொட்டு ராசாவே!"

பேயாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு தட்டுவான். மூன்று தட்டு. கடப்பாரை நெம்பும், குழாய் உள்ளே போய் உட்காரும். சும்மா சொல்லக்கூடாது, கும்மி வந்த பிறகு ஒருத்தர் கையிலும் ஒரு கீறல் விழவில்லை. நாலு நாள் போனதும் பேயாண்டிக்கே அதில் ஒரு ருசி வந்துவிட்டது. தட்டும்போது தோளை ஒரு ஆட்டு ஆட்டினான். தண்ணிக்குடத்தோடு போகிற பெண்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். பார்க்கட்டும் என்று இவனும் இன்னும் கொஞ்சம் ஆடினான். அன்னக்கொடி நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அந்த நிம்மதிக்குத்தான் வேட்டு வைத்தது கரண்ட்.

ஒரு நாள் மதியத்துக்குச் சற்று முன்னால் கரண்ட் போனது. சந்து முழுக்கத் தறி நின்றது. தறி நின்றால் நெசவாளிகளுக்கு வீட்டுக்குள் என்ன வேலை? மொத்தப் பேரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பள்ளத்தைச் சுற்றி வந்து நின்றார்கள். "ஏப்பா, கும்மி எப்ப?" என்று ஒருவர் கேட்டார். பேயாண்டிக்கு இத்தனை கூட்டத்தைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. குழாய் இறங்கியது. அன்னக்கொடி பாட்டை எடுத்தாள். கூட்டமே கூடச் சேர்ந்து பாடியது. பாட்டுத்தான் எல்லாருக்கும் மனப்பாடமாச்சே!

"கும்மி கொட்டு ராசாவே!"

கொட்டியது யார்? சந்து முழுக்கக் கொட்டியது. கொட்டாதவன் பேயாண்டி ஒருவன்தான். அத்தனை பேர் பார்க்கும்போது ஜாயின்ட் கசியலாமா? கடைசியாக ஒரு தடவு தடவ விரலை வாய்க்குள் விட்டிருந்தான்.

தட்டுக் கேட்ட காளையும் சோலையும் கடப்பாரையில் தம் கட்டி ஏறினார்கள்.

அன்னக்கொடி கத்திக்கொண்டு நிற்கவில்லை. கத்தியிருந்தாலும் அந்த ஆரவாரத்தில் யாருக்குக் கேட்டிருக்கும்? கையிலிருந்த மம்பட்டியோடு பள்ளத்துக்குள் குதித்தாள். வாலுக்கும் வாய்க்கும் நடுவே, அவன் விரலை ஒட்டி, மம்பட்டிக் காம்பைச் செருகினாள். குழாய் வந்து காம்பில் முட்டியது. நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். பேயாண்டி வெடுக்கென்று கையை இழுத்தான். அதோடு காம்பு படாரென்று முறிந்தது, குழாய் உள்ளே போய் உட்கார்ந்தது. காம்பு கருவேல மரம். வெளியே நின்ற துண்டு சிம்பு சிம்பாய்க் கிழிந்து தொங்கியது.

தட்டிய கைகள் நின்றன. உக்கிரபாண்டி சங்கிலியைக் கட்டிவிட்டு ஓடி வந்தார். முறிந்த காம்பைப் பார்த்தார், மாப்பிள்ளை கையைப் பார்த்தார். நெற்றி வேர்வையை வழித்து உதறினார். நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்து, "இனிமே இங்க எவனாச்சும் கையத் தட்டினீங்க..." என்று ஆரம்பித்தவர் அதைப் பாதியில் விட்டார். காளை பக்கம் திரும்பினார். "இனிமே தட்டும் வேணாம், கிட்டும் வேணாம். அன்னக்கொடி வாய்ப்பக்கம் நின்னு கண்ணால பாப்பா. ரெண்டு கையும் இவன் தலைமேல இருக்கணும். அவ வந்து ஒங்க முதுகத் தொட்டாத்தான் நெம்புறது. சாமியே வந்து சொன்னாலும் அதுக்கு முன்ன நெம்பக்கூடாது."

"சரிண்ணே" என்றான் காளை. சோலை கடப்பாரையைக் கீழே போட்டான்.

வேலையை நிறுத்திவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்தார்கள். அன்னக்கொடி தூக்குச்சட்டியைத் திறக்கவில்லை. மண்மேட்டில் உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏசுவாள் என்று பேயாண்டி காத்திருந்தான். ஏசினால் பதிலுக்கு ஏசலாம், இதற்கு என்ன செய்வது? பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அசட்டுச் சிரிப்புச் சிரித்தான்.

"இப்ப என்ன ஆகிப்போச்சு புள்ள? இந்தா பாரு, எல்லாம் அப்படியேதான இருக்கு?" என்று விரல்களை அவள் முகத்துக்கு நேராக நீட்டி ஆட்டிக் காட்டினான்.

அவள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்த வேகத்தில் ஆள்காட்டி விரலை வாயில் வைத்து நறுக்கென்று கடித்தாள்.

"ஆத்தா!" என்று சந்து அதிரக் கத்தினான் பேயாண்டி. "வலிக்குதுடி! விடுடி! உசுரு போகுதுடி!"

அவள் விட்டாள். கண்ணில் முட்டி நின்ற தண்ணீர் அப்போதுதான் பொலபொலவென்று கொட்டியது.

"வலிக்குதா மச்சான்?" என்றாள். "வலிக்கட்டும். இருக்கு, அதான் வலிக்குது."